மீன் மூளையில் இருநூற்றுப் பதினான்கு கம்பங்கள்

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

மாமனார் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம். நான் குறுக்கே வராமல் இருந்திருந்தால் நீங்களும் என் மகளும் அங்கே சுகமாகத்தான் இருந்திருப்பீர்கள். போனில் சொல்ல நாக்கு எழவில்லை. அதனால்தான் தபாலில் எழுதுகிறேன்.

என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று நான் நச்சரித்ததால்தானே போன மாதம் அந்த இணையதள இணைப்பை அனுப்பினீர்கள்? எள்ளளவு மீன்குஞ்சு மூளையைப் பல்லாயிரம் சீவலாகச் சீவிப் படமெடுத்து, கடல் தாண்டி ஏதோ கிடங்கில் வைத்திருக்கிறோம், பார்க்கிற இடம் மட்டும், மாமா, உங்கள் கம்ப்யூட்டருக்கு வந்து சேரும் என்றீர்கள். சும்மா எட்டிப் பார்க்கலாம் என்றுதான் போனேன். சத்தியமாகச் சொல்கிறேன், திரும்பி வர மனசில்லை. முதலில் எல்லாம் பனி மூடினாற்போல் மங்கலாக இருக்கிறது. கை வைக்காமல் காத்திருந்தால் கட்டம் கட்டமாகத் தெளிந்து, உள்ளே கம்பி கம்பியாக நரம்புகள். முப்பத்தோரு வருஷம் லைன்மேனாகக் கம்பம் ஏறினவன் கம்பியைப் பார்த்தால் சும்மா இருப்பானா? கண்ணுக்குப் பக்கத்தில் ஒன்றைப் பிடித்தேன். அது போகிறது, போகிறது, மிதந்துகொண்டே நானும் போகிறேன். "சாப்பாடு ஆறுது, மனுஷன் மீன் மண்டைக்குள்ள குடியேறிட்டாரு!" என்று உங்கள் அத்தை கத்துவது எங்கோ தூரத்தில் கேட்கிறது. ஓரிடத்தில் படம் கிழிந்து கம்பி அறுந்திருந்தது. அறுந்த கம்பியை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போய் எனக்குப் பழக்கமில்லையே! நாலு சீவல் தள்ளி மறுமுனையைப் பிடித்துவிட்டேன். திரும்பி வர வழி தெரிய வேண்டுமே என்று திருப்பத்துக்குத் திருப்பம் ஒரு மஞ்சள் புள்ளி வைத்து, கம்பம் ஒன்று, கம்பம் இரண்டு என்று எண் போட்டேன். மொத்தம் இருநூற்றுப் பதினான்கு. என் திரையில் மட்டும்தான் தெரியும் என்று நினைத்தேன், மாப்பிள்ளை.

நேற்று உங்கள் வீட்டுக்காரி போனில் குண்டைத் தூக்கிப் போட்டாள். "அப்பா, நீங்க வெச்ச புள்ளியெல்லாம் அவர் ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியுதாம். இது யார் வேலைன்னு மூணு நாளா மீட்டிங் போடறாங்க. அவரு வாயே திறக்கல." என் விளையாட்டால் உங்களுக்கு வேலை போயிற்று என்றால் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உங்கள் வீட்டு வாசலை மிதிப்பேன்? இன்று விடிந்ததும் உட்கார்ந்து, கடைசிக் கம்பத்திலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டே திரும்பி வந்தேன். ஒன்றாம் கம்பத்தை எடுத்தபோது அழுகையே வந்துவிட்டது. அவ்வளவு அழகான ஊர் அது. இனி அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்க மாட்டேன்.

பெரிய மனசு பண்ணி மன்னியுங்கள். உங்கள் வேலைக்கு ஒரு குறையும் வராமல், இரண்டு பேரும் நல்லபடியாக இருக்க வாழ்த்தும்,

மாமனார்

பி.கு.: உறையை ஒட்டியபின் உங்கள் வாய்ஸ் மெசேஜ் கேட்டேன். "மாமா, கம்பம்னு எழுதியிருந்ததைப் பார்த்ததுமே நீங்கதான்னு தெரிஞ்சுபோச்சு. சரிபார்த்து முடியற வரைக்கும் சொல்ல வேணாம்னு இருந்தேன். அந்த நரம்பு எங்க போகுதுன்னு தெரியாம எட்டுப் பேரு ரெண்டு வருஷமா முழிச்சிட்டிருந்தோம். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் உங்க கம்பத்தைத்தான் காட்டப் போறேன். ஒண்ணுலயும் கை வெச்சுடாதீங்க!" உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே சொன்ன எதுவும் நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமைக்கு நாலு நாள் இருக்கிறது. இந்தக் கடிதம் வந்து சேரவும் நாலு நாள் ஆகும். வழி எனக்கு மனப்பாடம். அத்தை சாப்பாட்டை இங்கேயே கொண்டுவந்து வைத்துவிட்டாள். பதினேழாம் கம்பத்தில் நின்றுகொண்டுதான் இதை எழுதுகிறேன்.