கொங்கிரீட்டில் தூங்கியவர்கள்

எனக்கு இங்கிலீஷ் தண்ணி பட்ட பாடு என்று கம்பளை முழுக்கச் சொல்லி வைத்திருந்தவர் என் அப்பா. அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை என்று கண்டியில் ஒரு மண்டபம் நிறைய ஆட்களை வைத்துக்கொண்டு நிரூபித்தவன் நான். இதை நானே எழுதிவிடுவதுதான் நல்லது. எப்படியும் நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால், கதிரையில் உட்காருவதற்குள் யாராவது சொல்லிவிடுவார்கள்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கண்டியில் ஒரு டியூஷன் வகுப்பில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். டை கட்டிக்கொண்டு, தமிழ் பேசும்போதும் நடுநடுவே 'ஆக்சுவலி' போடுகிற பருவம் (இப்போது நினைத்தால் எனக்கே ஓங்கி ஒன்று வைக்கலாம் போலிருக்கிறது). அப்பாவுக்கு ரயில்வேயில் லைன் வேலை. முப்பது வருஷம் தண்டவாளத்தோடு மல்லுக்கட்டி, அடியில் சல்லிக்கல் அடைத்து, முதுகு வளைந்து ஓய்வு பெற்றவர். யாராவது கேட்டால், "அப்பா ரயில்வேயில இருந்தாரு" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். அவர்கள் ஸ்டேஷன் மாஸ்டர் என்று நினைத்துக்கொண்டால் நான் என்ன செய்ய?

லண்டனில் ஒரு நிலக்கீழ் ரயில் நிலையத்தில் காலமெல்லாம் வேலை பார்த்த வெள்ளைக்காரப் பெரியவர் ஒருவர் கண்டிக்கு வந்திருந்தார். அந்த நிலையத்தின் சரித்திரத்தை நம் ரயில்வே ஆட்களுக்குப் படம் காட்டிச் சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. தமிழ் ஆட்களுக்கென்று ஒரு பின்னேரம் ஒதுக்கினார்கள். மொழிபெயர்க்க யாராவது இருக்கிறார்களா என்று ஓய்வு பெற்றவர்களின் கூட்டத்தில் கேட்டதும், அப்பா எழுந்து "என் மகன் இருக்கான்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். அதோடு விட்டாரா? தன்னோடு லைனில் வேலை செய்த எட்டுப் பேரையும் கம்பளையிலிருந்து பஸ்ஸில் கூட்டிவர ஏற்பாடு செய்துவிட்டார். பேச்சுக்கு முந்தின நாள் தனது வெள்ளைச் சட்டையைத் தானே அயர்ன் பண்ணிக்கொண்டே என்னிடம் சொன்னார்:

"தம்பி, இவங்ககிட்ட இத்தனை வருஷமா உன்னப் பத்திதான் பேசிக்கிட்டு இருக்கேன். என் பேரக் காப்பாத்திரு."

பாதிப் பேச்சு வரை காப்பாற்றினேன், பொய் சொல்லக் கூடாது. அந்த நிலையத்தின் கதை அப்படிப்பட்டது. போர்க்காலத்தில் மேலே குண்டு விழுகிறது. சனங்கள் ஆளுக்கொரு டிக்கட் வாங்கிக்கொண்டு கீழே இறங்குகிறார்கள், ஆனால் ரயில் ஏறுவதில்லை. பிளாட்பாரத்திலேயே போர்வையை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். மேலே போகச் சொன்னால் போகமாட்டோம் என்கிறார்கள். கடைசியில் அதிகாரிகளே இறங்கிவந்து கட்டில் போட்டுக் கொடுத்தார்களாம், ரயிலிலேயே தேநீர் கொண்டுவந்து ஊற்றினார்களாம். முன்வரிசையில் இருந்த சூசை மாமா (அப்பாவின் பழைய கூட்டாளி), அது நம்ம மலைத் தேயிலையாகத்தான் இருக்கும் என்று பக்கத்தில் உள்ளவரிடம் சொன்னது எனக்கும் கேட்டது. அப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த படம் வந்தது. இருட்டுச் சுரங்கம், தண்டவாளம், சாம்பல் நிறத்தில் என்னவோ வரிசையாக. போர் முடிந்த பிறகு பழைய 'ஸ்லீப்பர்'களை எடுத்துவிட்டு, கொங்கிரீட் 'ஸ்லீப்பர்'களைப் போட்டோம் என்றார் பெரியவர். ஸ்லீப்பர் என்றால் தூங்குகிறவர்; அரை மணி நேரமாக நான் தூங்குகிறவர்களைப் பற்றித்தானே பேசிக்கொண்டிருக்கிறேன். ஒரு நொடிகூடத் தயங்கவில்லை.

"போர் முடிந்ததும் அங்கே தூங்கியவர்களை அகற்றிவிட்டார்கள்," என்றேன். "ஆனால் மறந்துவிடவில்லை. அவர்களின் நினைவாகத் தூங்கும் மனிதர்களைக் கொங்கிரீட்டில் செய்து, தண்டவாளத்துக்கு அடியில் வரிசையாகக் கிடத்தியிருக்கிறார்கள்."

சூசை மாமா நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினார்.

"ஏன் தம்பி, செஞ்சதுதான் செஞ்சாங்க, அவங்க மேலயே கோச்சிய விடலாமா?"

மேலே ரயில் ஓடுவதும் மரியாதைதான், வெள்ளைக்காரர்களின் விதமே தனி என்று அவருக்கு விளக்கினேன் (டையை வேறு சரிசெய்துகொண்டேன்). பெரியவர் தொடர்ந்தார். பழையவை உளுத்துப்போய்விட்டன என்றார். பழைய ஆட்கள் உளுத்துப்போய்விட்டார்கள் என்றேன். வயசாகியிருக்கும், பாவம்.

அப்போது அப்பா எழுந்தார். நேரே திரைக்கு வந்து, படத்தில் இருந்த சாம்பல் வரிசையில் விரலை வைத்தார்.

"தம்பி, இது சிலிப்பர் கட்டை."

தண்டவாளத்துக்குக் குறுக்கே அடியில் கிடக்குமே, அந்தக் கட்டை. அதன்மேல் கால் வைத்துத்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். காலில் போடும் சிலிப்பரோடு மிதித்து நடப்பதால் அந்தப் பெயர் என்று நானாகவே முடிவு கட்டியிருந்தேன். அது 'ஸ்லீப்பர்' என்ற அதே இங்கிலீஷ் சொல்தான் என்று இங்கிலீஷ் வாத்தியாருக்குத் தெரியவில்லை. முப்பது வருஷம் அப்பா தோளில் சுமந்த சாமான் அது, அதைப் பற்றி ஒரு நாளும் நான் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. அப்பா மட்டும் சிரிக்கவில்லை. அவர் பேரைக் கெடுத்துவிட்டேன் என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

என்ன பகிடி என்று பெரியவர் கேட்டார். என் மடத்தனத்தை நானே இங்கிலீஷில் மொழிபெயர்த்தேன். அன்று நான் பிழையில்லாமல் மொழிபெயர்த்தது அது ஒன்றுதான். பெரியவர் சிரித்துச் சிரித்து, கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டே, திரையருகே நின்ற அந்த மனிதர் யார் என்று கேட்டார்.

"என் அப்பா. லைன் வேலைக்காரர். முப்பது வருஷம் இந்தக் கட்டையைத்தான் தூக்கினார்."

என் வாயால் அதை முழுசாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. பெரியவர் மேடையை விட்டு இறங்கி வந்து, தன் வலது தோளைத் தட்டிக் காட்டினார். அவரும் அங்கே கட்டை தூக்கித்தான் வேலையைத் தொடங்கினாராம். அப்பா சிரித்தபடி தன் தோளைத் தட்டிக் காட்டினார். பிறகு எத்தனை பேர் பிடிப்பது, எந்தக் காலை முன்னால் வைப்பது என்று இரண்டு பேரும் கையாலேயே பேசினார்கள். எட்டுப் பேரும் சுற்றி நின்று நடித்துக் காட்டினார்கள். ஒரு மணி நேரம் ஒருவருக்கும் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படவில்லை. நான் ஓர் ஓரமாக நின்று, என் அப்பாவை முதன்முதலாகப் பார்ப்பவன் போலப் பார்த்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய ஆள் அவர்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மன்னிப்புக் கேட்டேன். அப்பா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே தம்பி," என்றார். அவ்வளவுதான்.

என் கலியாணத்துக்கு அந்த எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு பரிசு கொண்டுவந்தார்கள். பழைய சிலிப்பர் கட்டை ஒன்றைச் சீவி, கால் வைத்து, உட்காருவதற்கென்று செய்த வாங்கு. நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கிவந்து முற்றத்தில் இறக்கினார்கள். "தூங்குறவரக் கூட்டிட்டு வந்திருக்கோம், எங்க படுக்க வைக்க?" என்றார் சூசை மாமா. அன்றிலிருந்து அதற்கு அதுதான் பெயர். வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் பிள்ளைகள், "தூங்குறவர் மேல உட்காருங்க" என்பார்கள். வந்தவர் முழிப்பார், உடனே கதை தொடங்கிவிடும்.

இதுவரை இரண்டு தடவை வீடு மாறிவிட்டோம். இரண்டு தடவையும் ஒரு முனையை நான்தான் தூக்கினேன், எந்தக் காலை முன்னால் வைப்பது என்று அப்பாவிடம் கேட்டுவிட்டு. அப்பா கூடவே நடந்து வந்து, "மெதுவா தம்பி, மெதுவா," என்றார். "முழிச்சுக்கிட்டார்னா இங்கிலீஷ்ல பேசுவாரு. நீ மாட்டிக்குவ."