சுண்ணாம்பு மேஸ்திரி போட்ட டிராக்டர் கொட்டகை

இல்லாத சுவரில் ஏறி வந்துவிட்டதற்காக மன்னிப்புக் கேட்ட மனிதர்கள் உலகத்தில் எங்காவது இருந்தால், அவர்கள் எங்கள் காரைக்கால் பக்கத்துக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். கேட்க வைத்தவர் சுண்ணாம்பு மேஸ்திரி. அவருக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டுக்கு மட்டும்தான் தெரியும்.

எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் எங்கள் ஊரான பூவத்தைச் சுற்றி மாட்டுக் கொட்டகை, வைக்கோல் கொட்டகை, டிராக்டர் ஷெட் என்று எது எழும்பினாலும் அவர் கை இல்லாமல் எழும்பாது. ஆனால் மனிதர் குடியிருக்கும் வீடு மட்டும் கட்ட மாட்டார். காரணம் கேட்டால், “மனுசன் குனிஞ்சி நிமிந்து எப்புடியும் போயிருவான். மாடும் மெஷினும் குனியாது. அதுங்களுக்குத்தான் மேஸ்திரி வேணும்” என்பார்.

அவர் வேலை செய்யும் முறையே தனி. தாளில் பிளான் போடுகிற பழக்கம் கிடையாது. ஒரு வாளி சுண்ணாம்புப் பொடியோடு வருவார். கட்டப்போகிற கொட்டகையை அதே அளவில் தரையில் கோடாக இழுப்பார். கதவுக்கு மட்டும் இடைவெளி. அதன் பிறகு ஏழு நாள் ஒரு செங்கல்லைத் தொட மாட்டார். அந்த ஏழு நாளும் கோட்டைச் சுவராக மதித்து வீட்டார் நடமாட வேண்டும். ஏழு நாளில் கோடு எந்த இடத்தில் அழிகிறதோ அந்த இடத்தில் அளவு தப்பு என்று அர்த்தம். அதை மாற்றிப் போட்டு, மறுபடி ஏழு நாள்.

தருமபுரத்தில் ஒரு வீட்டில் மாட்டுக் கொட்டகைக்குக் கோடு போட்டிருந்த சமயம் பெண் பார்க்க வந்துவிட்டார்கள். மாப்பிள்ளையின் அப்பா தன் பாட்டுக்குக் கோட்டைத் தாண்டி வந்தார். மேஸ்திரி மறித்துக்கொண்டார். “சுவத்துல ஏறி வர்றீங்களே, கதவு தெக்கால இருக்குங்க.” அவர் முறைத்தார். மாப்பிள்ளையோ சுற்றிப் போய், இல்லாத கதவு வழியாகக் குனிந்து வந்தான். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று பெண் வீட்டார் அன்றைக்கே தாம்பூலம் மாற்றிவிட்டார்கள்.

இன்னொரு முறை படித்த இன்ஜினீயர் ஒருவர் நீலத் தாளில் வரைபடத்தை விரித்து விளக்கினார். மேஸ்திரி பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிங்க சார். இந்தத் தாளுக்குள்ள ஒரு எருமையை உள்ள விட்டுத் திருப்பிக் காட்டுங்க” என்றார். இன்ஜினீயர் தாளைச் சுருட்டிக்கொண்டார்.

இந்த மனிதரைத்தான் அப்பா எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தார். அப்பா ஐம்பது வயதுக்கு மேல் டிராக்டர் ஓட்டக் கற்றவர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய சிவப்பு வண்டி. அதோடு இழுவைப் பெட்டி, கொக்கிக் கலப்பை, சேறு உழுகிற இரும்புச் சக்கரம், தண்ணீர் இறைக்கிற எஞ்சின், இரண்டு டீசல் பீப்பாய். எல்லாம் களத்தில் வானம் பார்த்துக் கிடந்தன. ஐப்பசி மழைக்கு முன் இவற்றுக்கு ஒரு கூரை வேண்டும்.

கூரை மட்டும் என்றால் பிரச்சினை இல்லை. காரைக்காலில் ஆபீஸ் உத்தியோகம் பார்த்த என் அண்ணன் ஞாயிறுதோறும் வந்து வேறு ஒன்றைக் கிளப்பிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, டிராக்டருக்கு ஒரு டிரைவர் போட்டுவிடலாம் என்பது அவர் கட்சி. அப்பாவுக்கு அந்த சீட்டை விட்டு இறங்குவதும் ஊரை விட்டுப் போவதும் ஒன்றுதான். கடைசியில் அண்ணன் ஒரு நிபந்தனை வைத்தார்.

“மேஸ்திரி கோடு போடட்டும். அடுத்த ஞாயித்துக்கிழமை வர்றேன். பெட்டியோட ரிவர்ஸ்ல உள்ள விடுங்க. கோடு அழியலன்னா நீங்களே ஓட்டுங்க. அழிஞ்சா டிரைவர். சரியாப்பா?”

“சரி” என்றார் அப்பா. அந்தச் சரியில் பலமே இல்லை.

மேஸ்திரி திங்கட்கிழமை வந்தார். அவர் வாயில் அடிக்கணக்கு வராது. அவருடைய தகப்பனார் பிரெஞ்சுக்காரன் காலத்து காண்டிராக்டரிடம் வேலை பார்த்தவராம், அதனால் எல்லாமே மீட்டர்தான். அகலம் ஐந்து மீட்டர், கதவு மூன்று மீட்டர். வாடைக்காற்றில் சாரல் அடிக்காமலிருக்கக் கதவு தெற்குப் பார்த்து. புயல் வருஷத்தில் தண்ணீர் எதுவரை நின்றது என்று அக்கம்பக்கத்தில் பத்துப் பேரிடம் விசாரித்து, அதற்கு மேல் கால் மீட்டர் தளம் உயர வேண்டும் என்றார். அம்மா காபி கொண்டுவந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்று, “ஜன்னல் வழியா குடுக்கலாமா மேஸ்திரி?” என்று பயந்தபடி கேட்டார். “ஜன்னல் இன்னும் வைக்கலம்மா. கதவால வாங்க.” அம்மா சுற்றிக்கொண்டு போனார்.

நான் அப்போது காரைக்காலில் ஒரு பள்ளிக்கூடத்து வாத்தியார். சாயங்காலம் சைக்கிளில் திரும்பி வரும்போதெல்லாம் அப்பா ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார். காலையில் பார்த்தால் கதவின் இடது பக்கக் கோடு அழிந்திருக்கும். செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் அதே இடம். மேஸ்திரி காலையில் வந்து குந்தி உட்கார்ந்து அந்த இடத்தையே பார்ப்பார். பிறகு வாளியை எடுத்துக் கோட்டைச் சரி செய்வார். கோடு அழிந்த வீட்டில் ஊரையே கூட்டுகிற ஆள் சத்தமே போடவில்லை. அது எனக்குத் திக்கென்றது.

வெள்ளிக்கிழமை நான் பள்ளிக்குக் கிளம்பும்போது கேட்டேன். “என்ன மேஸ்திரி, மறுபடியும் அழிஞ்சிருக்கு?”

“ஆடு மிதிச்சிருக்கு தம்பி.”

நான் குனிந்து பார்த்தேன். சுண்ணாம்பின் மேல் டயர் பட்டை பட்டையாகப் பதிந்திருந்தது. “இது ஆட்டுக் குளம்பு மாதிரி தெரியலயே” என்றேன்.

“டயர் போட்ட ஆடு” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். “அப்பாவுக்கு இடது கண்ணு தெரியல. ரொம்ப நாளாவே இருக்கும். வலது பக்கம் மயிரிழை பெசகாம வர்றாரு, இடது பக்கம் மட்டும் இடிக்கிறாரு. நான் யார்கிட்டயும் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க.”

அன்றைக்கு வகுப்பில் நான் என்ன பாடம் நடத்தினேனோ, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும். அப்பா கொஞ்ச நாளாகச் சோற்றுத் தட்டைத் திருப்பித் திருப்பி வைத்துச் சாப்பிட்டதும், இடது பக்கம் போய் நின்றால் திடுக்கிட்டுப் பார்த்ததும் அப்போதுதான் எனக்கு விளங்கின. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாதது, ஐந்து நாள் சுண்ணாம்பு போட்டவருக்குத் தெரிந்திருந்தது. வெட்கமாக இருந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தால் கொட்டகை பெருத்திருந்தது. அகலம் ஆறரை மீட்டர். கதவு நாலரை. ஒரு சென்டிமீட்டர் கூடினால் பத்து செங்கல் நஷ்டம் என்று ஊர் முழுக்கச் சண்டை போட்டவர், ஒரே நாளில் ஒன்றரை மீட்டரை அள்ளிக் கொடுத்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்து இடுப்பில் கை வைத்து நின்றார். “என்ன மேஸ்திரி, பஸ்ஸா நிறுத்தப் போறோம்?”

“நாளைக்கே அறுவடை மெஷின் வாங்குவீங்க. அப்ப என்னைத்தான் திட்டுவீங்க.”

“அறுவடை மெஷினா? பூவத்துலயா?”

“வாங்க மாட்டீங்கன்னு எழுதிக் குடுங்க. நான் குறுக்கிப் போட்டுடுறேன்.”

அண்ணன் எழுதித் தரவில்லை. அப்பா வண்டியில் ஏறினார். பெட்டியோடு பின்னால் வந்தார். வழக்கம்போல இடது பக்கம் ஒதுங்கினார். ஆனால் இப்போது அங்கே கோடு இல்லை, வெறும் தரைதான் இருந்தது. கோட்டுக்கு ஒரு சாண் தள்ளி டயர் நின்றது. அண்ணன் குனிந்து சுற்றி வந்து பார்த்தார். “சரி, நீங்களே ஓட்டுங்கப்பா” என்று சொல்லிவிட்டுச் சாப்பிட்டு பஸ் ஏறினார். அப்பா முகத்தில் ஒரு வாரமாகக் காணாத சிரிப்பு வந்திருந்தது.

மேஸ்திரி போகவில்லை. அப்பா மறுபடி ஏறி உட்கார்ந்திருந்த டிராக்டர் பக்கத்தில் வந்து நின்றார்.

“ஐயா, கொட்டகையை நான் அகலமா போட்டுட்டேன். காரைக்கால் ரோட்ட என்னால அகலமா போட முடியாதுங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க சைக்கிள்ல வர்ற ரோடு.”

அப்பா ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். “எப்பத் தெரியும் உங்களுக்கு?” என்று கேட்டார்.

“செவ்வாக்கிழமை. பாண்டிச்சேரிக்குப் போயி கண்ணைக் காட்டிட்டு வாங்க. கூரையை நான் பாத்துக்கறேன். இந்த சீட்டு எங்கயும் போயிடாது.”

அப்பா சாவியை உருவி என் கையில் வைத்தார். மறுநாள் பாண்டிச்சேரி போய்க் கண்ணைக் காட்டிவிட்டு வந்ததும் அண்ணனுக்கு ஆள் அனுப்பி, கண்ணில் புரை விழுந்திருக்கிறது, ஆபரேஷன் முடிகிற வரைக்கும் டிரைவர் ஓட்டட்டும் என்று அவரே சொல்லிவிட்டார். அந்த சம்பாவுக்கு வேறு ஒருவர்தான் உழுதார். அப்பா வரப்பில் குடை பிடித்துக்கொண்டு நின்று அந்த மனிதரைப் படுத்தி எடுத்தார். தை பிறந்து, தடித்த கண்ணாடியோடு மறுபடி அப்பா ஏறி உட்கார்ந்தபோது டிரைவர்தான் எல்லோரையும் விட அதிகம் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஆனால் கொட்டகை ஏன் அகலம் என்பது மட்டும் யாருக்கும் தெரியவில்லை. அண்ணனுக்குக்கூட உறைக்கவில்லை. சுண்ணாம்பு மேஸ்திரிக்கே அளவு தப்பிவிட்டது என்று மற்ற கொத்தனார்களுக்குக் கொண்டாட்டமாகிவிட்டது. புதிதாகக் கொட்டகை போடுகிறவர்கள், “பூவத்துல போட்ட மாதிரி போட்டுடாதீங்க மேஸ்திரி” என்று சொல்லித்தான் அட்வான்ஸே கொடுத்தார்கள். அவர் தலையை ஆட்டிக்கொண்டு வாங்கிக்கொண்டார்.

இரண்டு மூன்று வருஷம் கழித்து ஒரு நாள், பஸ் நிறுத்தத்து டீக்கடையில் அப்பாவும் நானும் மேஸ்திரியும் உட்கார்ந்திருந்தோம். காரைக்கால் எல்லைக்கு அந்தப் பக்கத்துக் கொத்தனார் ஒருவர் பத்துப் பேர் முன்னால் ஆரம்பித்தார். “அந்த ஷெட்டு எப்புடிங்க அவ்ளோ பெருசாச்சு? அடியை மீட்டர்னு நெனச்சிட்டீங்களா?”

“அன்னைக்கு மழை. டேப்பு நனைஞ்சி நீண்டு போச்சு” என்றார் மேஸ்திரி. எல்லோரும் சிரித்தார்கள்.

அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். “டேப்பும் நனையல, ஒண்ணும் நனையல. அப்ப எனக்கு ஒரு கண்ணு தெரியாது. அதை மறைச்சி வண்டி ஓட்டிக்கிட்டிருந்தேன். என் பையன் முன்னால நான் அசிங்கப்படக் கூடாதுன்னு அவரு அகலமா போட்டாரு. அவரு அளவு தப்பவே இல்ல.”

மேஸ்திரி அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். நிஜமாகவே கோபம் வந்திருந்தது அவருக்கு.

“ஏங்க, மூணு வருசமா நான் வாங்கின பேச்சையெல்லாம் ஒரே நிமிசத்துல வீணாக்கிட்டீங்களே.”

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்து நடந்தார். அப்பாவும் தன் டீயை வைத்துவிட்டு, “மேஸ்திரி, நில்லுங்க” என்று பின்னாலேயே போனார். அவர் நிற்கவில்லை, ஆனால் நடையை மெதுவாக்கிக்கொண்டார். இரண்டு பேருக்கும் நான்தான் காசு கொடுத்தேன். அன்றைக்கு அந்த இரண்டு பேர் மேலும் எனக்கு வந்த பிரியம் இன்று வரைக்கும் கொஞ்சமும் குறையவில்லை.