தட்டில் இறங்கிய நட்சத்திரத் தாரை

இலங்கையின் தெரணியகலை டவுனில் அன்று ஒரு த்ரீவீலர்கூடக் கிடைக்கவில்லை. எல்லாம் மலைத் தோட்டத்துக்கு ஏறிவிட்டன. கோயில் மைதானத்தில் 'விண்தாரைச் சித்தர்' நட்சத்திரத்தை இறக்கப்போகிறாராம். நட்சத்திரத்துக்கு அன்று வேறு வேலை இல்லை போலிருக்கிறது.

பட்டு விரித்த மேசை. அதன்மேல் பித்தளைத் தட்டு. தட்டில் கறுப்பு எண்ணெய்.

"பொறக்குற நட்சத்திரம் ரெண்டு பக்கமும் தாரையாப் பீச்சுது. காந்த சக்திதான் அதக் கயிறு மாதிரி முறுக்கி நேரா நிறுத்துது!" என்றார் சித்தர்.

இதுவரை உண்மை. சுழலும் வாயுவைக் காந்தப்புலம் முறுக்கிப் பிடிப்பதால்தான் அது சிதறாமல் நெடுந்தூரம் பாய்கிறது என்று விஞ்ஞானிகளும் சொல்கிறார்கள். பொய் அடுத்த வாக்கியத்தில் ஏறி உட்கார்ந்தது.

"அந்தத் தாரைய இந்தத் தட்டுல இறக்குறேன். இந்த எண்ணெயத் தடவுனா சீனி வருத்தம் பறந்துரும். குளிசையே வேணாம்!"

மந்திரம் முழங்கியது. எண்ணெய் முள்முள்ளாக எழுந்து நின்றது. "முருகா!" என்றது கூட்டம்.

தோட்டத் தொழிலாளி அழகமுத்துவும் கன்னத்தில் போட்டுக்கொண்டார். போன வாரம் சித்தர் சொன்னாரென்று நீரிழிவு மாத்திரையான சீனிக் குளிசையை நிறுத்தியவர். நேற்று ரப்பர் மலையில் மயங்கி விழுந்தார். அதற்குச் சித்தர் விளக்கம்: நம்பிக்கை போதாததால் விழுந்தாராம்!

அவர் தங்கை சுமித்ரா கும்பிடவில்லை. தேயிலை ஃபெக்டரியில், தூளில் கலந்த இரும்புத் துகளைக் காந்தத்தால் பிரிப்பது அவள் வேலை. காந்தத்தில் துகள் இப்படி முள்ளாக நிற்பதைத் தினமும் பார்க்கிறாள். முன்னால் போனாள்.

"சாமி, நட்சத்திரம் மேலதானே இருக்கு?"

"ஆமாம்மா."

"அப்ப தட்ட மேல தூக்குனா சக்தி கூடணுமுங்களே?"

பதில் வருமுன் தட்டை ஒரு முழம் தூக்கினாள். முட்கள் படுத்துவிட்டன. இறக்கினாள், எழுந்தன.

"தொடாதே! தீட்டு!"

"வானத்துக்குக் கிட்டப் போனா சக்தி ஏங்க சாமி கொறையுது?"

யாரோ சிரித்தார்கள். சுமித்ரா பட்டுத்துணியை இழுத்தாள். எண்ணெயில் இரும்புத்தூள்; மேசைக்கடியில் பெரிய வட்டக் காந்தம். அதை ஏற்றி இறக்க ஒரு மிதிகட்டை. மிதிகட்டையின் மேல் சித்தரின் திருவடி.

"அடப்பாவி! என் உசுரோடயாடா வெளையாடுன?" என்று அழகமுத்து பாய்ந்தார். சித்தர் வேட்டியை மடித்துக்கொண்டு ரப்பர் மரங்களுக்குள் தாரையாய்ப் பாய்ந்தார்.

அழகமுத்து தலையைக் குனிந்துகொண்டார்.

"கிளினிக் எத்தன மணிக்குப் பூட்டுவாங்க புள்ள?"

"இன்னும் நேரம் இருக்குண்ணே. வாங்க, போவோம்."

நட்சத்திரத்துக்குத் தாரை உண்டு, காந்தமும் உண்டு. தெரணியகலையில் ஏஜென்ட் மட்டும் கிடையாது. ஒருவன் வானத்தைக் காட்டிக் கும்பிடச் சொன்னால் தாராளமாகக் குனியுங்கள்; குனிந்ததும் மேசைக்கடியில் பாருங்கள்.