ஆட்டோவில் வந்த என் அழுகை

எனக்குக் குரல் நன்றாக இருக்கும். புத்தி அவ்வளவு இல்லை. இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் மேற்கொண்டு சொல்வது சுலபம்.

அப்போது கோவையில் ஓர் ஒலிப்பதிவு ஸ்டூடியோவில் விளம்பரங்களுக்குக் குரல் கொடுத்துவந்தேன். எல்லாம் ஜவுளிக்கடைத் தள்ளுபடிதான். 'வாருங்கள், அள்ளிச் செல்லுங்கள்' என்பதைத் தாண்டி நடிக்க வாய்ப்பே வந்ததில்லை. அதனால் தேர்தல் சமயத்தில் ஸ்டூடியோக்காரர் ஒரு தாளை நீட்டி, "அம்மணி, இதுல அழோணுங்க" என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் தொகுதியில் ஒரு தொழிற்சங்கத் தலைவர் வேட்பாளராக நின்றார். அவருக்கு எதிராக ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி ஒலிபரப்பும் விளம்பரம் அது. ஒரு மில் தொழிலாளியின் மனைவி புலம்ப வேண்டும். "எங்க ஊட்டுக்காரரு சங்கத்துல சேர்ந்தாருங்க. கொடி புடிச்சாங்க, மில்ல மூடிப்போட்டாங்க. இன்னைக்கு எம்புள்ளைக்கு ஒரு வாய்ச் சோறில்லீங்க!"

ஒரே சிக்கல், என் நிஜ வீட்டுக்காரர் அதே சங்கத்தின் கிளைச் செயலாளர். அந்த வேட்பாளருக்காகத்தான் தெருத்தெருவாக ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அன்னூர் டவுனுக்குள்ள இது வராதுங்களே?" என்று கேட்டேன். எங்கள் வீடு அங்கேதான்.

"கிராமத்துப் பக்கம் மட்டுந்தானுங்க."

நம்பினேன். (நம்பத்தான் ஆசை!) ஒரே டேக்கில் அழுது முடித்தேன். வீட்டில் மூச்சுவிடவில்லை.

அடுத்த ஞாயிறு காலை முன்னறையில் என் வீட்டுக்காரரும் சங்கத்து ஆட்கள் இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். நான் சமையலறையில் சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். தூரத்தில் ஒரு விசும்பல் கேட்டது. யாரோ பாவம் என்று நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் பாவம் நான்தான் என்று தெரிந்தது.

விஷயம் வெளியே தெரிந்தால் சங்கத்தில் அவர் எப்படித் தலைகாட்டுவார்? செயலாளர் வீட்டிலேயே துரோகி என்பார்களே! மிக்ஸியை முழு வேகத்தில் வைத்தேன். சட்னி தண்ணீரான பிறகும் நிறுத்தவில்லை. ஆட்டோக்காரரோ எங்கள் தெருமுனை பேக்கரியில் வண்டியை நிறுத்திவிட்டு, ஒலிபெருக்கியை அணைக்காமல் டீ குடிக்கப் போய்விட்டார். விளம்பரம் மூன்றாவது முறை ஓடும்போது மிக்ஸி கருகல் நாற்றத்துடன் நின்றது.

"ஒரு வாய்ச் சோறில்லீங்க!" என்று ஒலிபெருக்கியில் தெருவே கேட்க அழுதேன்.

முன்னறையில், வந்திருந்த இருவரில் மூத்தவரான பழனிசாமி அண்ணன் குரல் தழுதழுத்தது. "யாருங்க அந்தப் புள்ள? நம்ம சங்கத்தால ஒரு குடும்பம் பட்டினி கெடக்குதுன்னா நாமதானுங்க பாக்கோணும். அந்த ஆட்டோக்காரர்கிட்ட அட்ரஸ் கேட்டு ஒரு மூட்டை அரிசி கொண்டுபோய்ப் போட்டுட்டு வாரேன்."

திரும்பினேன். சமையலறை வாசற்படியில் என் வீட்டுக்காரர் நின்று என்னையே பார்த்தார். பதினோரு வருடமாக அவர் கேட்காத அழுகையா? முதல் விசும்பலிலேயே கண்டுபிடித்திருக்கிறார்.

"கேக்க வேண்டாமுங்க அண்ணா. அட்ரஸ் இதுதானுங்க" என்றார்.

பழனிசாமி அண்ணன் எழுந்து வந்து என்னைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார். "அப்ப சோறில்லீங்கறது?"

"தக்காளி சாதம் ஆக்கியிருக்கறனுங்க. சாப்பிட்டுட்டுப் போங்க" என்றேன். வேறென்ன சொல்வது?

மறுநாள் சங்கக் கூட்டத்தில் இவரே எழுந்து உண்மையைச் சொன்னார். அவர் திரும்பிவரும் வரை நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். பதவியைப் பறிக்கவில்லையாம். தண்டனை எனக்குத்தான். பிரச்சாரம் முடியும்வரை சங்கத்து ஆட்டோவில் உட்கார்ந்து, "அழுதது நான்தானுங்க, அது அத்தனையும் பொய்யிங்க" என்று நானே மைக்கில் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தெருவிலும் கல் விழுமோ என்று நடுங்கிக்கொண்டே சொன்னேன். வேட்பாளர் தோற்றுப்போனார். என்னால்தானா என்று கேட்க இன்றுவரை தைரியம் வரவில்லை.

அதிலிருந்து எங்கள் வீட்டில் என் கண்ணீருக்கு மதிப்பில்லை. போன வருடம் மகளைப் பெருந்துறையில் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு பஸ்ஸுக்கு நின்றபோது தேம்பித் தேம்பி அழுதேன்.

"எந்தக் கட்சிக்கு அம்மணி?" என்றார் இவர்.

நிமிர்ந்து பார்த்தால் அவர் கண்ணிலும் தண்ணீர். "நீங்க எந்தக் கட்சிக்குங்க?" என்றேன்.