இருபத்தைந்து வயது பாட்டில் பற்றி சம்பந்திக்கு ஒரு விளக்கம்

முதலியார்பேட்டை,
புதுச்சேரி.
ஆடி 29, வியாழன், இரவு பத்து மணி.

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி பலராமன் அவர்களுக்கு, கோவிந்தசாமி கைகூப்பி எழுதிக்கொண்டது.

இவ்விடம் நானும் சுலோசனாவும் காலையில் ஒரு மாத்திரை, மாலையில் ஒரு மாத்திரை என்று போட்டுக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அவ்விடம் தாங்களும் நிர்மலா அம்மாவும் காசி, கயா எல்லாம் முடித்து நல்லபடியாக நெய்வேலி திரும்பி, கால் வீக்கம் வடிந்து, குளித்துச் சாப்பிட்டு, ஒரு தூக்கமும் போட்ட பிறகு இந்தக் கடிதத்தைப் பிரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். நின்றுகொண்டு படிக்க வேண்டாம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று தாங்கள் கேட்கலாம். மில்லில் முப்பத்தோரு வருஷம் ஃபிட்டராக இருந்தவன் நான். தவறு நடந்தால் எழுத்து மூலமாக விளக்கம் கொடுக்க வேண்டும் என்பது அங்கே விதி. மேலும், போனில் தங்கள் குரலைக் கேட்டதும் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. விஷயம், மாப்பிள்ளை கலைவாணன் கப்பலுக்குத் திரும்பும் முன் எங்கள் வீட்டில் வைத்துவிட்டுப் போன அந்த ஸ்காட்ச் விஸ்கி பற்றியது. பதற வேண்டாம். பாட்டில் உடையவில்லை. பாட்டிலுக்கு ஒரு கீறல்கூட இல்லை. மற்றதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

மாப்பிள்ளை அன்றைக்குக் காரில் ஏறும்போது அந்தப் பெட்டியை என் கையில் கொடுத்து, “மாமா, பத்திரமா வைங்க” என்று மட்டும் சொன்னார். முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, அவசரம். நான் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. தங்கள் வீட்டிலோ கண்ணாடி அலமாரி, உள்ளே விளக்கு, வரிசையாகப் பதினோரு பாட்டில், ஒன்றின் சீல்கூட உடையாமல். ஆகவே இது பன்னிரண்டாவது என்று முடிவு செய்து உடனே தங்களுக்கு போன் செய்தேன். தாங்கள் எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள் என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. காசிக்குப் புறப்படும் நேரத்தில் அதைத் தொட வேண்டாம், திரும்பி வந்து வாங்கிக்கொள்கிறேன் என்றீர்கள். பிறகு, பாட்டில் நின்றபடிதான் இருக்க வேண்டும், படுக்க வைத்தால் சரக்கு கார்க்கைத் தின்றுவிடும், வெயில் ஆகாது, லேபிளில் கை படக்கூடாது, பெட்டி நசுங்கினாலும் மதிப்புப் போய்விடும் என்றெல்லாம் சொன்னீர்கள். நான் எல்லாவற்றையும் பால்கார நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டேன். தங்கள் சொந்தத் தம்பி ஒரு பாட்டிலின் மூடியைத் திருகிப் பார்த்ததற்காக மூன்று வருஷம் அவரோடு பேசாமல் இருந்தவர் தாங்கள். என் மகள் தாமரைச்செல்வி தங்கள் வீட்டில் வாழ்கிறவள். எனக்கு பயம் இருக்காதா, சொல்லுங்கள்.

முதல்ல பீரோவுல சுலோசனாவோட பட்டுப்புடவைக்கு நடுவுல நிக்க வச்சேன். ஆடி பொறந்ததும் அவ வீராம்பட்டினம் அம்மனுக்கு வேண்டிக்கிட்டு மஞ்சள் புடவை எடுக்க பீரோவைத் திறந்தா. நான் குளிச்சிட்டு வரேன், பாட்டில் வாசப்படிக்கு வெளியில செருப்புக்குப் பக்கத்துல நிக்குது. “அஞ்சாவது வெள்ளி தேர் முடியற வரைக்கும் ஒண்ணு அது வீட்டுல இருக்கும், இல்ல நான் இருப்பேன்”னுட்டா. சம்பந்தியோடதுன்னு சொல்லிப் பார்த்தேன். “சம்பந்தியையே கூட்டிட்டு வந்து உக்கார வைங்க, பாயசம் வைக்கிறேன். இது வேணாம்”னா. தப்பா எடுத்துக்காதீங்க, உங்க மேல அவளுக்கு ரொம்ப மரியாதை.

எங்க பக்கத்து வீட்டுல தெய்வசிகாமணின்னு ஒருத்தர் இருக்காரு. சொல்தா, பிரான்சு பட்டாளத்துல இருந்து பென்ஷன் வாங்கறவரு, எழுபத்தெட்டு வயசு. பிள்ளைங்க எல்லாம் பாரீசுல, இவரு மட்டும் தனியா. தெருவுல எல்லாரும் பிரெஞ்சு மரியாதையா முசியேன்னுதான் கூப்பிடுவோம். குடியில அனுபவஸ்தர், ஆனா வாக்கு தவறாதவரு. அவரு வீட்டு அலமாரியில கொண்டுபோய் வச்சேன். அவரு கண்ணாடியைப் போட்டுக்கிட்டு லேபிளை மேலேர்ந்து கீழ வரைக்கும் படிச்சிட்டு, “இருபத்தஞ்சு வருஷம் மரப்பீப்பாயில கிடந்திருக்கான், கோவிந்து”ன்னாரு. “அப்ப அடுத்த வருஷம் இருபத்தாறு ஆயிடுமா முசியே”ன்னு கேட்டேன். இல்லையாம். பீப்பாயில இருக்கற வரைக்கும்தான் வயசு ஏறுமாம். பாட்டில்ல அடைச்ச நிமிஷமே வயசு நின்னுபோகுமாம். இதைக் கேட்டதுலேர்ந்து எனக்கு அதும்மேல கொஞ்சம் பொறாமை வந்துடுச்சு, மறைக்க விரும்பல. தெனம் காலையில போயி அது நேரா நிக்குதான்னு பார்த்துட்டு, முசியே குடுக்கற காப்பியைக் குடிச்சிட்டு வருவேன். பதினோரு நாள் நல்லபடியாப் போச்சு.

பன்னெண்டாம் நாள் முசியே சர்க்கரை எகிறி மயக்கம் போட்டுட்டாரு. ஆட்டோவுல கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். மறுநாள் பார்க்கப் போனா மனுஷன் தெளிவா உக்காந்து இட்லி சாப்பிடறாரு. பக்கத்துப் படுக்கையில இருந்தவருக்குத் துணையா வந்த அம்மா கேட்டுக்கிட்டு இருக்கறதால நான் பொதுவா, “நம்ம ஆளு எப்படி இருக்கான் முசியே”ன்னு கேட்டேன்.

“நேத்து வரைக்கும் நின்னுக்கிட்டுதான் இருந்தான்.”

அந்த அம்மா, “யாருங்க, உங்க பையனா? எத்தனை வயசு?”ன்னுது.

முசியே, “இருபத்தஞ்சு”ன்னாரு.

“வேலைக்கு எதுவும் போகலையா?”

“இல்லம்மா. வீட்டோட நிக்கறான்.”

“எங்க வீட்டுலயும் ஒண்ணு அப்படித்தாங்க இருக்குது”ன்னு அந்த அம்மா கண்ணைத் துடைச்சுக்கிச்சு. முசியே மெதுவா என்னைக் கிட்டக் கூப்பிட்டு, வீட்டைப் பூட்டிப் போட்டா மேல தகரம் கொதிக்கும், உள்ள அடுப்பு மாதிரி ஆயிடும், அதை முதல்ல வெளியில எடுன்னு இடுப்புலேர்ந்து சாவியை எடுத்துக் குடுத்தாரு.

எங்க கொண்டுபோறது, சொல்லுங்க. வீட்டுக்குள்ள விடமாட்டா. சொந்தக்காரங்ககிட்ட குடுத்தா அன்னிக்கே காலி. அப்பதான் பக்கிரி ஞாபகம் வந்தது. என்னோட மில்லுல வேலை பார்த்தவன், இப்ப தேங்காய்த்திட்டு துறைமுகத்துல ஐஸ் டிப்போவுல இருக்கான். சில்லுன்னு இருக்கும், வெயில் படாது, அவனும் குடியை விட்டு நாலு வருஷம் ஆச்சு. சைக்கிள் கூடையில பழைய போர்வையைச் சுத்தி, நேரா நிக்க வச்சு, மேடுபள்ளம் வந்தா எறங்கித் தள்ளிக்கிட்டே போய்ச் சேர்ந்தேன். ஒரு குலுக்கல் இல்ல, சத்தியமா. “பத்திரமாப் பாத்துக்கடா, சம்பந்தியோடது”ன்னேன். “என் உசுரா பாத்துக்கறேண்ணே”ன்னான். நிக்க வைக்கணும்னு சொன்னேனா இல்லையான்னுதான் இப்ப வரைக்கும் யோசிச்சுக்கிட்டு இருக்கேன்.

பத்து நாள் கழிச்சு முசியே வீடு திரும்பினாரு. நான் நேரா தேங்காய்த்திட்டு போனேன். மீன் ஏலம் நடக்குது, ஒரே சத்தம். பக்கிரி சிரிச்ச முகமா வந்து, மரப்பெட்டியைத் திறந்து, ஐஸ்கட்டியை ஒதுக்கி, வஞ்சிரத்துக்குக் கீழேர்ந்து பாட்டிலை எடுத்தான். “நிக்க வச்சா சாயுதுண்ணே, அதான் நல்லாப் படுக்க வச்சு மேல ஐஸ் போட்டுட்டேன். பத்து நாளும் மாத்தி மாத்திப் போட்டேன்.” அட்டைப்பெட்டி கூழாப் போயிருந்தது. லேபிள் தனியா மிதந்துக்கிட்டு இருந்தது. கழுத்துப் பக்கம் ஈரம், மோந்து பார்த்தா மீன் வாசனையைத் தாண்டி வேற ஒரு வாசனை. சம்பந்தி, நான் அங்கயே ஒரு கூடையைக் கவுத்துப் போட்டு உக்காந்துட்டேன். கண்ணுல உங்க அலமாரியும், அதுக்கு முன்னால என் பொண்ணு காப்பி டம்ளரோட நிக்கறதும்தான் தெரியுது. பக்கிரிக்கு அழுகையே வந்துடுச்சு. அவனைத் திட்டவும் மனசு வரல.

ரெண்டு பேருமா முசியே வீட்டுக்குக் கொண்டுபோனோம். காலையில பதினொரு மணி இருக்கும். அவரு கார்க்கைத் தொட்டுப் பார்த்துட்டு, இது ஊறிப்போச்சு, இன்னும் ரெண்டு நாள்ல மொத்தமும் வெளியில வந்துடும்னாரு. உங்களுக்கு மூணு தடவை போன் போட்டேன். மூணு தடவையும் ஒரு பொண்ணு இந்தியில என்னவோ சொன்னா. நான் ஃபிட்டர் இல்லியா, எவ்வளவோ பேரிங்கைக் கழட்டினவன்தானேன்னு மெதுவாத் திருகினேன். பாதி கையோட வந்தது. மீதி உள்ள விழுந்தது. அதுக்கப்புறம் வேற வழியே இல்லாமப் போச்சு. முசியே தன் கல்யாணத்துக்கு வந்த கராஃப்னு ஒரு அழகான கண்ணாடிக் கூஜாவை எடுத்துக்கிட்டு வந்தாரு. புது வேட்டித் துணியைக் கிழிச்சு வடிகட்டி ஊத்தினோம். கெட்டுப்போச்சான்னு யாராவது பார்க்கணுமே. முசியேவுக்கு டாக்டர் தடை. பக்கிரி விட்டவன். மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

நான் குடிச்சேன், சம்பந்தி. ஒரே மடக்கு. முதல்ல நாக்கு சுட்டது. அப்புறம் தேன் மாதிரி, உலர்ந்த திராட்சை மாதிரி, கடைசியில எங்கயோ தூரத்துல யாரோ சருகு கொளுத்தின மாதிரி. விழுங்கினப்புறமும் அது போகல, நெஞ்சுலயே உக்காந்துக்கிச்சு. என் அறுபது வயசுல அப்படி ஒண்ணு வாயில பட்டதில்ல. இதை அலமாரியில வச்சு விளக்குப் போட்டுப் பார்க்கறதுல அர்த்தம் இருக்குன்னும் தோணிச்சு, இல்லவே இல்லைன்னும் தோணிச்சு. முசியே குடிக்கல. டம்ளரை மூக்குக்கிட்ட வச்சுக்கிட்டு கண்ணை மூடி கால் மணி நேரம் உக்காந்திருந்தாரு. “அம்பது வருஷமா குடிச்சேன் கோவிந்து. மோந்து பார்த்ததே இல்ல. என்ன அவசரம்னு தெரியல”ன்னாரு. பக்கிரியும் மோந்து பார்த்துட்டு, “வாசனை நல்லாத்தாண்ணே இருக்கு, ஆனா இதுக்குப் போயி இருபத்தஞ்சு வருஷமா”ன்னான்.

வாசனை தெரியாம இருக்க கிராம்பை மென்னுக்கிட்டு வீட்டுக்கு வந்ததும் சுலோசனா, “பல்லு வலியா? கிராம்பு வாசனை வருதே”ன்னா. பொய் சொல்ல வரல. எல்லாத்தையும் சொல்லிட்டேன். திட்டுவான்னு பார்த்தேன். அவளோ, “நான் வெளியில எடுத்து வச்சதாலதானே இத்தனையும்? சம்பந்திகிட்ட என் தப்புன்னே எழுதுங்க. நம்ம பொண்ணு அந்த வீட்டுல தலை நிமிந்து இருக்கணும்”னு பேப்பரும் பேனாவும் கொண்டுவந்து வச்சா. அவ தப்பு இல்ல, சம்பந்தி. பக்கிரி தப்பும் இல்ல. மன்னிக்கிறதா இருந்தா என்னை மன்னிங்க, பேசாம இருக்கறதா இருந்தா என்கிட்ட மட்டும் பேசாம இருங்க.

ஆகவே, தங்கள் விஸ்கி ஒரு மடக்குக் குறைவாக, முசியே வீட்டுக் கராஃபில் மூடி போட்டு, நின்ற நிலையில் இருக்கிறது. லேபிளைக் காயவைத்துப் புத்தகத்துக்கு நடுவில் வைத்திருக்கிறேன். நாளை தேர் முடிந்து, தாங்களும் ஊர் திரும்பியதும் நேரில் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன். நிர்மலா அம்மாவுக்கு எங்கள் வணக்கம். தாமரைச்செல்விக்கு எங்கள் ஆசி. காசித் தீர்த்தம் கொண்டுவந்திருந்தால் அதில் கொஞ்சம் குடித்துவிட்டு, மனம் ஆறிய பிறகு ஒரு வரி பதில் எழுதவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புக்கும் கோபத்துக்கும் கட்டுப்பட்ட
மு. கோவிந்தசாமி

பி.கு.: கவரை ஒட்டப் போறப்ப தாமரைச்செல்வி போன் பண்ணினா. நடந்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரிக்கறா. “அப்பா, அது உங்களுக்கு வாங்கினதுப்பா. அறுபது முடிஞ்சதுக்கு அவரு ஆசையா வாங்கினாரு. மாமனார் கையில அதைக் குடுக்க வெக்கப்பட்டுக்கிட்டு, பத்திரமா வைங்கன்னு சொல்லிட்டு ஓடிப்போயிட்டாரு”ங்கறா. நான் குடிக்கறதில்லியேம்மான்னேன். “கல்யாணத்தப்ப எங்க மாமாவோட பாட்டில் அலமாரி முன்னால அரை மணி நேரம் கண்ணு எடுக்காம நின்னீங்களாமே, அதைப் பார்த்துட்டுதான்”னா. அந்தக் கண்ணாடிக் கதவுல ஒரு ஸ்க்ரூ லூசா இருந்தது, சம்பந்தி, அதைத்தான் பார்த்துக்கிட்டு நின்னேன். உங்களுக்குன்னு வாங்கினது தனியா இருக்காம். முப்பது வருஷத்து சரக்காம். தை மாசம் உங்க அறுபதாம் கல்யாணத்தன்னிக்குத்தான் தரணும்னு உங்க வீட்டு அரிசி டிரம்முலயே ஒளிச்சு வச்சிருக்காங்களாம், உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு என்கிட்ட சத்தியம் வாங்கிட்டுத்தான் சொன்னா. இந்தக் கடிதத்தைக் கிழிச்சுடலாம்னு பார்த்தேன். இவ்வளவு கஷ்டப்பட்டு எழுதியிருக்கீங்க, அனுப்புங்கன்னு சுலோசனா சொல்லிட்டா. அதனால மேலே கேட்ட மன்னிப்பையெல்லாம் திருப்பி அனுப்ப வேணாம். அப்படியே வச்சுக்குங்க. டிரம் விஷயத்தை இப்ப எழுதிட்டேனே, அதுக்கு ஆகும்.