நாற்பத்தேழு துண்டுப் போர்வை

"கணக்கு உதைக்குதுங்க" என்று தையல் மிஷின் பக்கமிருந்து மனைவியின் குரல் வந்தது.

கணக்கு வாத்தியார் செய்தித்தாளை மடித்து வைத்தார். சாப்பாட்டு மேசை முழுக்க மகளின் சின்ன வயசு கவுன்கள், உள்ளங்கை அகலச் சதுரங்களாக வெட்டிப் பரப்பிக் கிடந்தன. மூன்று மாதக் கர்ப்பிணியான மகள், மாப்பிள்ளையோடு ஸ்கேனுக்குப் போயிருக்கிறாள். திரும்பும் வழியில் இங்கே வருவாள். அதற்குள் பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்குப் போர்வை தயாராகிவிட வேண்டும் என்று மனைவிக்கு ஒரே பிடிவாதம்.

"ஆறு ஆறா அடுக்கினா அஞ்சு மிஞ்சுது. எட்டு எட்டா அடுக்கினா ஏழு மிஞ்சுது."

எண்ணிப் பார்த்தார். நாற்பத்தேழு. முகம் மலர்ந்துவிட்டது. இந்த வீட்டில் அவரிடம் யாராவது கணக்குக் கேட்டு எத்தனை காலம் ஆயிற்று, பாவம்.

"இது பகா எண். ஒண்ணாலயும் தன்னாலயும் தவிர வேற எதாலயும் வகுபடாது. ஒரே வரிசையா வேணா தைக்கலாம்."

"போர்வை கேட்டா நாடா தைக்கச் சொல்றீங்களே."

"அப்போ ஒண்ணை எடுத்துடு. நாற்பத்தாறு... ம்ஹும், ரெண்டு இருபத்துமூணு. அதுவும் நாடாதான்."

"நான் எதையும் எடுக்க மாட்டேன். இந்தப் பூப்போட்டதைப் போட்டுக்கிட்டுதான் முதல் நாள் பள்ளிக்கூட வாசல்ல என் காலைக் கட்டிக்கிட்டு அழுதா." மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

எடுக்க முடியாவிட்டால் என்ன, சேர்க்கலாமே. நாற்பத்தெட்டு என்றால் ஆறு எட்டு. "என் பழைய நீலச் சட்டை இருக்கே" என்று கொடியில் கிடந்ததை உருவி, முதுகில் கச்சிதமாக ஒரு சதுரம் வெட்டினார். கசங்கியிருக்கிறதே என்று தானே இஸ்திரியும் போட ஆரம்பித்தார்.

"அய்யய்யோ, அது மாப்பிள்ளை போன வாரம் விட்டுட்டுப் போன புதுச் சட்டைங்க."

கேட்ட அதிர்ச்சியில் இஸ்திரிப் பெட்டியைத் துண்டின் மேலேயே விட்டுவிட்டு நின்றார். புகை வந்த பிறகுதான் எடுத்தார். மறுபடியும் நாற்பத்தேழு.

"முழுக்க நனைஞ்சாச்சு, இனி முக்காடு எதுக்கு" என்று சட்டையின் கைக்கு ஒன்றாக இன்னும் இரண்டு வெட்டினார். "நாற்பத்தொன்பது. ஏழேழு. எப்படித் திருப்பிப் போத்தினாலும் ஒரே அளவு."

"தைக்கிறது நான். மாப்பிள்ளைக்குப் பதில் சொல்றது நீங்க."

கடைசி நூலைக் கடிக்கும்போதே வாசலில் சத்தம். மகள் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள், முகமெல்லாம் சிரிப்பு. முதலில் உள்ளே வந்த மாப்பிள்ளை போர்வையைப் பார்த்தார். நடுவிலிருந்த நீலத்தைத் தடவினார். கொடியில் கையில்லாமல் தொங்கிய சட்டையையும் பார்த்தார். வாத்தியார் மெல்ல மனைவியின் பின்னால் ஒதுங்கினார்.

"சட்டை போனாப் போகுது மாமா. இதைச் சரிபாதியாப் பிரிக்க முடியுமா? ஸ்கேன்ல ரெட்டைன்னு சொல்லிட்டாங்க."