நல்லிணக்கக்காரரின் மாடி வீடு

நல்லிணக்கக்காரர் என்றோர் இனம் உண்டு. எங்கள் குமரி மாவட்டத்தில் தெருவுக்கு ஒருவராவது தேறுவார். சுசீந்திரம் தேருக்கு வடம் பிடிப்பார், கோட்டாறு சவேரியாருக்கு மெழுகுதிரி ஏற்றுவார், தக்கலை தர்காவில் நேர்ச்சைச் சோற்றுக்கு முதல் ஆளாய் நிற்பார், மூன்று இடத்துப் படங்களையும் வாட்ஸ்அப்பில் போட்டு "நமக்கு எல்லாம் ஒண்ணுதான்" என்று கீழே எழுதுவார். குறை சொல்ல முடியாத மனிதர். மாடி வீடு காலியாகும்வரை.

எங்கள் தெரு நல்லிணக்கக்காரர் செல்லத்துரை. அவர் மாடியைக் கேட்டு ஷைஜா என்ற நர்ஸ் வந்தாள். இருக்கும் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். மகளின் பள்ளிக்கூடமோ எங்கள் தெருமுனையில்.

நீ எந்த மதம் என்று நேராகக் கேட்க செல்லத்துரை என்ன நாகரிகம் இல்லாதவரா? பெயரை வைத்துக் கண்டுபிடிக்கவும் எங்கள் ஊரில் வழியில்லை; பாதிப் பெயர்கள் எல்லா மதத்துக்கும் பொது. சுற்றி வளைத்துத்தான் வரவேண்டும்.

"அப்பா பேரு என்ன மக்களே?"

"பாபு."

"வீட்டுக்காரர் பேரு?"

"அஜின்."

"கல்யாணம் எங்க வச்சு?"

"மார்த்தாண்டத்துல, மண்டபத்துல வச்சு அங்கிள்."

"ஞாயித்துக்கிழமை வீட்டுல இருப்பியளா?"

"டூட்டி இல்லன்னா இருப்பேன்."

செல்லத்துரைக்கு வியர்த்தது. அவள் கழுத்துச் சங்கிலியைப் பார்த்தார். அதன் முனை துப்பட்டாவுக்குள் இருந்தது.

"வீட்டுல என்ன கறி வைப்பிய?"

"மீன்கறி."

குமரி மாவட்டத்தில் இது ஒரு பதிலா?

அவளுக்கும் இந்தச் சுற்றுப்பாதை பழக்கம்தான். "அங்கிள், வேற எதாவது தெரியணும்னா நேராவே கேளுங்க," என்றாள்.

"சேச்சே, அதெல்லாம் நான் பாக்கவே மாட்டேன். நமக்கு எல்லாம் ஒண்ணுதான். மகன் கனடாவுல இருந்து வந்தா தங்கணும்லா, அதாக்கும்."

மகன் வரப்போவதில்லை என்பது தெருவுக்கே தெரியும். ஷைஜாவுக்கு வீடு எங்கோ தள்ளித்தான் அமைந்தது. தினமும் மகளை இரண்டு பஸ் மாறிக் கூட்டிவந்து விட்டுவிட்டு டூட்டிக்கு ஓடுகிறாள். பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

உங்களுக்கும் கோபம் வந்திருக்கும். நல்லது. ஆனால் பாபு என்றதும் ஒரு பக்கமும், மண்டபம் என்றதும் இன்னொரு பக்கமுமாக நீங்களும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்த்தீர்கள், இல்லையா? ஷைஜா யார் என்று நான் கடைசிவரை சொல்லாதது ஒருமாதிரி இருக்கிறதா?

செல்லத்துரைக்கும் அப்படித்தான் இருந்தது.